வீடு விற்கும் காகிதங்கள் வந்த வரலாறு



நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், பட்டணத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். பெரியவர் காலமானார். பாட்டியம்மாவும் கிள்ளானில் இருக்கும் மகனோடு போய்விட்டார். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவாகிறது. வாங்க ஆளும் வந்தாயிற்று. வழக்கறிஞர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் கேள்விகள் தொடங்குகின்றன. கிராண்ட் எங்கே? வாங்கியபோது செய்த ஒப்பந்தம் எங்கே? இந்த ஆண்டு நிலவரி ரசீது, கதவு வரி ரசீது, வங்கிக் கடன் தீர்ந்ததற்கான கடிதம், பெரியவரின் மரணச் சான்றிதழ், எல்லாருடைய அடையாள அட்டை என்று கேட்டுக்கொண்டே போகிறார். பாட்டியம்மாவுக்குக் கோபம் வருகிறது. "ஏன் தம்பி, இருபது வருஷமா அந்த வீட்டுல குடியிருந்தோம். அக்கம்பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. இத்தனை காயிதம் எதுக்கு?" என்கிறார்.

பாட்டியம்மாவின் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம்மவர்களின் கதையும் கலந்திருக்கிறது.

நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது ஊரிலிருந்து ஒரு பழக்கத்தையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் நிலம் கைமாறினால் பத்திரம் எழுதுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவார்கள். அந்தப் பத்திரத்துக்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று மூலப் பத்திரம் வரையில் ஒரு சங்கிலி போகும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்குத்தான். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிந்துகொள்ளுமே தவிர, இன்னார்தான் உரிமையாளர் என்று உறுதி சொல்லாது. ஆகவே அங்கே பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறதோ அவருக்கே பலம். "பத்திரம் என் கையில் இருக்கு" என்று நம் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இந்த நாட்டில் அந்த நினைப்பு எத்தனையோ குடும்பங்களை ஏமாற்றிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறோம்.

மலாய் நாட்டில் பழைய வழக்கம் வேறாக இருந்தது. காடு கிடந்தால் அது செத்த நிலம், தானா மத்தி. ஒருவன் அதை வெட்டித் திருத்திப் பயிர் செய்தால் அது உயிருள்ள நிலம், தானா ஹிடுப். பயிரிடுகிறவரையில் அது அவனுடையது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஆட்சியாளருக்குப் போகும். விட்டுப் போய்க் காடு மண்டினால் உரிமையும் போய்விடும். உழைப்பே அங்கே பட்டா. பாட்டியம்மா கேட்டாரே, இருபது வருஷம் இருந்தோம், ஊருக்குத் தெரியும் என்று. அந்தக் காலத்தில் அந்தப் பேச்சு செல்லுபடியாகியிருக்கும்.

பினாங்கில் 1786-இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றியபின் ஆங்கிலேயச் சட்டம் வந்தது. அத்துடன் பத்திர முறையும் வந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் இந்த முறை நெடுங்காலம் நீடித்தது. அங்கே ஒரு வீட்டை விற்க வேண்டுமென்றால் நம் ஊர் மூலப் பத்திரக் கதைதான். பழைய பத்திரங்களையெல்லாம் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு மாற்று ஒன்றைக் கண்டுபிடித்தவர் நிலச் சட்டம் படித்தவர் அல்லர். துறைமுகத்தில் சுங்க வரி வசூலித்தவர். ரோபர்ட் ரிச்சர்ட் டோரன்ஸ் என்பது அவர் பெயர். அயர்லாந்தில் பிறந்து 1840-இல் தென் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். துறைமுகத்தில் கப்பல்களுக்கென்று ஒரு பதிவேடு இருந்தது. கப்பலின் பெயரைத் திறந்தால் அதன் உரிமையாளர் யார், எத்தனை பங்கு, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். ஒருவர் விற்றால் அவர் பெயரை அடித்து, வாங்கியவர் பெயரை எழுதுவார்கள். பழைய பத்திரம் எதையும் தேட வேண்டியதில்லை. கடலில் மிதக்கும் கப்பலுக்கு இது முடியுமானால், ஓரிடத்தில் கிடக்கும் நிலத்துக்கு ஏன் முடியாது என்று டோரன்ஸ் கேட்டார். வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது, 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கும் வந்தது.

இந்த முறையின் உயிர்நாடி ஒன்றே ஒன்று. உரிமையைத் தருவது பத்திரம் அன்று, அரசாங்கப் பதிவேடு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவர் கையில் கொடுக்கப்படுவது அந்தப் பக்கத்தின் பிரதி. அதைத்தான் மலாயில் கெரான் என்றும் நம் மக்கள் கிராண்ட் என்றும் சொல்கிறார்கள்.

அப்போது பேராக்கில் பணியாற்றிய வில்லியம் எட்வர்ட் மெக்ஸ்வெல் என்ற ஆங்கில அதிகாரி, 1882-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று இந்த முறையை ஆராய்ந்து திரும்பினார். மலாய்க்காரர்களின் நில வழக்கத்தைப் பற்றியும் அவர் 1884-இல் விரிவாக எழுதியிருக்கிறார். 1889-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக அமர்ந்ததும், தாம் கற்று வந்ததைச் சட்டமாக்கினார். 1891-ஆம் ஆண்டின் சிலாங்கூர் உரிமைப் பதிவுச் சட்டம் அப்படிப் பிறந்ததுதான். மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு கூட்டு மாநிலங்களுக்கும் பொதுவான பதிவுச் சட்டம் 1911-இலும், முழு நிலச் சட்டம் 1926-இலும் வந்தன.

இந்தச் சட்டத்தால் முதலில் பெரும்பயன் அடைந்தவர்கள் யார்? ரப்பர் கம்பெனிகள். இலண்டனில் உட்கார்ந்திருந்தவர், தாம் கண்ணால் காணாத காட்டுக்குத் துணிந்து பணம் போட்டார். பதிவேட்டில் கம்பெனியின் பெயர் ஏறிவிட்டது, இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது என்ற தைரியம்தான் அதற்குக் காரணம். அந்தப் பணத்தில் காடு அழிந்து தோட்டமாயிற்று. அழித்த கைகள் நம் கைகள். பழைய மலாய் வழக்கப்படி பார்த்தால் செத்த நிலத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் நாம். புதிய பதிவேட்டிலோ அதற்கு ஒரு வரிகூட இல்லை. தோட்டமும் லயமும் கம்பெனிக்குச் சொந்தம். லயத்தின் முன்னால் நாம் நட்ட முருங்கை மரமும் கம்பெனிக்குத்தான் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு, வேலை நின்றால் வீடும் நின்றது.

இது சாதாரணமாகப் புலப்படாத விஷயமாகவே கிடந்தது. 1950களில்தான் அதன் கனம் தெரிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய தரகர்கள் தோட்டத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பலருக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் இன்றும் வேதனையோடு சொல்லும் நிகழ்ச்சி அது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஓர் ஆய்வே நடந்தது. துண்டு வாங்கியவர்கள் தங்கள் குடும்ப ஆட்களைக் கொண்டு வேலை செய்துகொண்டார்கள். தொழிலாளருக்கு வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தோம் என்று சொன்னவர்களிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று பேசினார். அந்த நாளில் பத்து வெள்ளி என்பது ஒரு தொழிலாளிக்கு எளிதான தொகை அன்று. ஆயினும் கட்டினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பதிவேட்டின் ஒரு பக்கத்தில், கூட்டாகவேனும் தொழிலாளர் பெயர் ஏறியது. இதை நாம் பெரிய நிகழ்ச்சியாகவே கருதுகிறோம். பிற்காலத்தில் சட்டமும் சற்று விழித்துக்கொண்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது.

தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? பலர் பட்டண ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். இங்கேதான் முன்பு சொன்ன ஊர்ப் பழக்கம் நம்மை ஏமாற்றியது. வீட்டை விற்றவர் ஒரு தாளில் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதைப் பத்திரம் என்று நினைத்துத் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பார். அந்தத் தாள், இன்னாரிடம் பணம் கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி ஆகலாம். நிலத்துக்கு அது பட்டா ஆகாது. ஏனென்றால் விற்றவர் பெயரே பதிவேட்டில் இருந்ததில்லை.

டி.ஓ.எல். நிலம் என்று ஒன்று உண்டு. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்பது அதன் பொருள். ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் மாதக் கடைசியோடு முடிந்துவிடும். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும்; பிள்ளைக்குப் போகாது. முப்பது ஆண்டு தவறாமல் கட்டணம் கட்டிய ரசீதுகளை ஒரு கட்டாக அடுக்கி வைத்திருந்தாலும் இந்த நிலை மாறாது. இது தெரியாமல் சேமநிதிப் பணத்தைக் கொட்டி டி.ஓ.எல். வீட்டை வாங்கிய குடும்பங்கள், மேம்பாட்டுக்காக நிலம் எடுக்கப்பட்ட நாளில்தான் உண்மையை அறிந்தன. ஆகவே வழக்கறிஞர் முதன்முதலில் கிராண்டைக் கேட்பது வீண் சடங்கு அன்று. நம்மிடம் விற்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதையே அவர் கேட்கிறார்.

1965-இல் தேசிய நிலச் சட்டம் இயற்றப்பட்டு, 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. தீபகற்பம் முழுவதும் ஒரே முறை ஆயிற்று. பினாங்கு, மலாக்காப் பத்திரங்களும் ஒரு தனிச் சட்டத்தின் வழியாகப் பதிவேட்டு முறைக்கு மாற்றப்பட்டன. இன்று நாம் வீடு விற்கும்போது நிரப்பும் 14ஏ பாரம் இந்தச் சட்டத்தின் பிள்ளை. அதில் விற்பவரும் வாங்குபவரும், வழக்கறிஞர் போன்ற தகுதி பெற்ற ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அந்தப் பாரம் பதிவேட்டில் ஏறும் நாளில்தான் வீடு கைமாறுகிறது. பணம் கொடுத்த நாளிலோ சாவி வாங்கிய நாளிலோ அன்று.

கிராண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படித்துப் பார்ப்போம். பெரும்பாலோர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பது ஒன்று. குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். வாங்குகிறவரின் வங்கி அதைத்தான் முதலில் எண்ணும். எச்.எஸ். என்று தொடங்கும் எண் இருந்தால் அது அளவை முடியாத நிலத்துக்குக் கொடுத்த தற்காலிகக் கிராண்ட். செல்லும், ஆனால் எல்லைக்கோடு இறுதியாகவில்லை.

செக்கத்தான் கெப்பெந்திங்ஙான் என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும். உரிமைக் கட்டுப்பாடு என்று பொருள். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் இந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், முதலில் அந்த ஒப்புதல் கடிதம் வேண்டும். மலிவு விலை வீடுகளில் இந்த வரி சாதாரணம். 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று அரசாங்கம் விலை நிர்ணயித்தது. ஏழைக்கென்று கட்டிய வீட்டைப் பணக்காரர் வாங்கிச் சேர்த்துவிடாமல் இருக்கத்தான் கட்டுப்பாடு. ஒப்புதல் வர மாதங்கள் ஆகலாம். இதை அறியாமல் முன்பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. 1913-இல் கூட்டு மாநிலங்களில் வந்த மலாய் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழிவந்த முத்திரையும் சில கிராண்டுகளில் இருக்கும். அந்த நிலம் மலாய்க்காரர் அல்லாதாருக்குக் கைமாறாது.

அந்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் நம்மவர் ஒரு பிரிவினரும் நிற்கிறார்கள். ரப்பர் விலை ஏறிய அந்த நாள்களில் மலாய்க் குடியானவர்கள் நிலத்தைத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். கிராண்டை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் வைத்துக் கடனும் வாங்கினார்கள். நிலம் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டுதான் அரசாங்கம் தடுப்புப் போட்டது. கிராண்டைக் கடனுக்கு ஒப்படைத்து, அதைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் வழி இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. அப்படிக் குறிப்பதைத்தான் கேவியட் என்கிறார்கள். கேவியட் கிடக்கும்வரையில் அந்த வீட்டை விற்க முடியாது. கடன் கொடுத்தவர் மட்டுமல்ல, நிலத்தில் தமக்கு உரிமை உண்டு என்று கூறும் எவரும் காரணம் காட்டிக் கேவியட் போடலாம். அண்ணன் தம்பி சண்டையில் போட்டுவிட்டு மறந்துபோன கேவியட்டுகளும் உண்டு. விற்க நினைக்கும்போதே நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். சாரியான் என்று கேட்டால் தெரியும். உங்கள் வீட்டைப் பற்றிப் பதிவேடு என்ன சொல்கிறது என்பதை, வாங்குகிறவருக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

வங்கிக் கடனில் வாங்கிய வீடானால் பதிவேட்டில் வங்கியின் அடமானம் ஏறியிருக்கும். கடைசித் தவணை கட்டியதுடன் அது தானாக நீங்குவதில்லை. 16என் என்ற விடுவிப்புப் பாரத்தை வங்கி கையொப்பமிட்டுத் தர, அதைப் பதிய வேண்டும். கடன் தீர்ந்து பத்து ஆண்டு ஆகியும் இதைச் செய்யாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நிலவரி ரசீதுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பத்தில் ஒரு பங்கு நெல்லாகப் போனது, பின்னர் காசாக மாறியது. நிலத்தின் மூல உரிமை மாநிலத்துக்கே என்பதன் அடையாளம் அது. ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் வரி கட்ட வேண்டியதாகிறது. மே மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் பாக்கி. பாக்கி தொடர்ந்தால் 6ஏ என்ற அறிவிப்பு வரும். மூன்று மாதத்துக்குள் கட்டாவிடில் நிலமே மாநிலத்துக்குத் திரும்பிவிடக்கூடும். அறிவிப்பு பதிவேட்டில் உள்ள பழைய விலாசத்துக்குத்தான் போகும். வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விட்ட பாட்டியம்மாக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் கதவு வரி வேறு. இரண்டு ரசீதும் தனித்தனி.

வருமான வரி அலுவலகப் பாரம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் நிலத்தை வாங்கி உடனே விற்று இலாபம் பார்க்கும் வியாபாரம் சூடு பிடித்தது. அதை அடக்க 1974-இல் நிலச் சூதாட்ட வரி என்று சொல்லத்தக்க ஒரு வரி வந்தது. அதற்கு மாற்றாக 1976-இல் சொத்து ஆதாய வரிச் சட்டம் வந்தது. சி.கே.எச்.டி. என்று தொடங்கும் பாரங்கள் அதன் கீழ் வருபவை. இப்போது கணினி வழியாகவே அனுப்பப்படுகின்றன. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆதாயம். வாங்கியபோது கொடுத்த வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, பின்பக்கம் அடுக்களையை நீட்டிக் கட்டிய செலவு ஆகியவற்றை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ரசீது இருந்தால்தான் கழிக்கலாம். குடிமக்கள் வாங்கி ஐந்து ஆண்டு கடந்தபின் விற்றால் 2022 முதல் இந்த வரி இல்லை. வரி இல்லை என்றாலும் பாரம் அனுப்பியே ஆக வேண்டும்.

அடையாள அட்டையை ஏன் இத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்? அதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்து நாட்டு அம்மையார் ஒருவருக்கு நிலம் இருந்தது. அவர் தம் நாட்டில் வசித்தார். இங்கே வேறொருத்தி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, பொய்க் கையெழுத்திட்டு அந்த நிலத்தை விற்றுவிட்டாள். அம்மையார் வழக்குத் தொடுத்தார். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது, எனவே நிலம் அவருக்கே என்று தீர்ப்பளித்தது. உண்மை உரிமையாளர் ஒரு குற்றமும் செய்யாமல் நிலத்தை இழந்தார். டோரன்ஸ் பிறப்பித்த சட்டத்தில் இப்படி இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி இருந்தது. நம் சட்டத்தில் அந்த நிதி இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2010 ஜனவரியில், அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறு என்று கூறி, பொய்க் கையெழுத்தின் வழி நேரடியாக வாங்கியவருக்கு உரிமை நிலைக்காது என்று திருத்தியது. ஆயினும் அவரிடமிருந்து அடுத்ததாக நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. அசல் கிராண்டை யாரிடமும் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இனி நம் பாட்டியம்மாவின் வீட்டுக்கே வருவோம். கிராண்ட் இருக்கிறது, வரி கட்டியாயிற்று. ஆனால் அதில் இருப்பது இறந்துபோன பெரியவரின் பெயர். பாட்டியம்மா கையெழுத்துப் போட முடியாது, மகனும் முடியாது. பெயர் முதலில் மாற வேண்டும். சிறிய சொத்துகளுக்காக 1955-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உயர்நீதிமன்றம் போகாமல், நில நிர்வாகத்திடமே மனுச் செய்து பங்கீட்டு உத்தரவு பெறலாம். அதற்கான சொத்து மதிப்பின் உச்சவரம்பு பல முறை உயர்த்தப்பட்டிருப்பதால், சாதாரண வீடுகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். உயில் இல்லாதபோது யாருக்கு எவ்வளவு என்பதை, முஸ்லிம் அல்லாதாருக்கு, 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் சொல்கிறது. 1997-இல் அது திருத்தப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு. அப்போது மனைவியின் பங்கும் நாலில் ஒன்றாகும். திருமணமாகிப் போன மகளுக்கும் மகனுக்கு உள்ள அதே பங்குதான். சம்மதக் கையெழுத்துக்காக அவளைக் கடைசி நேரத்தில் கூப்பிடும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு புதுச் சிக்கல் எழும். அவசரகாலத்தில், 1948-இல், அடையாள அட்டை வந்தபோது, நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனியாண்டி ஓர் இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி. கிராண்டில் பெரியவர் பெயர் ஒரு விதம், மரணச் சான்றிதழில் ஒரு விதம், திருமணச் சான்றிதழில் இன்னொரு விதம். தகப்பன் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும். பழைய அடையாள அட்டை எண்ணும் புதிய எண்ணும் வேறு. கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாதவர்களுக்கு மனைவி என்று நிறுவுவதே பெரும்பாடு. பெயர் வேற்றுமைக்கு, இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். அதை எழுத, பெரியவரை நன்கு அறிந்த வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போது சுலபம்.

பாட்டியம்மாவுக்கு இந்த வார இறுதியில் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியைத் திறந்து, வீட்டு ஆட்களின் பெயர் எழுதிய காகிதம் ஒவ்வொன்றையும் மேசையில் பரப்பி வைத்து, பேத்தியை உட்கார வைத்து, பெரியவர் பெயரின் எழுத்துகளைக் காகிதத்துக்குக் காகிதம் ஒத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எதில் எப்படி எழுதியிருக்கிறது என்று பேத்தி ஒரு தாளில் எழுதட்டும். திங்கட்கிழமை நில அலுவலகம் போகும்போது அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போகலாம்.